கனடாவின் நிரந்தர வதிவிட அட்டை: புதுப்பிப்பும் காலதாமதமும்

கனடாவின் குடிவரவு மற்றும் அகதிகள் பாதுகாப்புச் சட்டம் 2002 ஜூன் 28 அன்று நடைமுறைக்கு வந்தபோது, பணப்பையில் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் அட்டையும் அதனுடன் சேர்ந்து புழக்கத்துக்கு வந்தது. அதுவரை அந்நாட்டில் நிலையாகக் குடியேறியவர்களிடம் இருந்தது, வந்திறங்கிய நாளில் வழங்கப்பட்ட 'ஐ.எம்.எம். 1000' என்னும் தாள் மட்டுமே. புகைப்படமோ காலாவதி நாளோ இல்லாத அந்தத் தாளைப் பழைய குடியேறிகள் இன்றும் 'லாண்டிங் பேப்பர்' என்றே சொல்வார்கள். போலி செய்வதற்கு எளிதான அத்தாளுக்கு மாற்றாகப் பாதுகாப்பான ஓர் அட்டை வேண்டும் என்ற எண்ணம் முன்பே இருந்தபோதிலும், 2001 செப்டம்பர் தாக்குதல்களுக்குப் பின் எல்லைக் காவல் குறித்து எழுந்த அச்சமே அதை விரைவுபடுத்தியது. 2003 டிசம்பர் 31 முதல், விமானம், கப்பல், ரயில், பேருந்து ஆகிய பொது ஊர்திகளில் கனடாவுக்குத் திரும்பும் நிரந்தர வதிவாளர் எவரும் இந்த அட்டையைக் காட்டியாக வேண்டும் என்றாயிற்று.

நிரந்தர வதிவாளர் என்பவர், ஒரு நாட்டின் குடிமகனாக இல்லாமலேயே அங்குக் காலவரையின்றி வாழவும் வேலை பார்க்கவும் படிக்கவும் உரிமை பெற்றவர். கனடாவில் அவருக்கு வாக்குரிமையும் அந்நாட்டுக் கடவுச்சீட்டும் இல்லை. தமிழ்நாட்டில் இதை 'நிரந்தரக் குடியுரிமை' என்று எழுதுவது பரவலான வழக்கமாக இருந்தாலும், குடியுரிமைக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டையே அச்சொல் அழித்துவிடுகிறது. ஈழத்தமிழர் வழக்கில் உள்ள 'நிரந்தர வதிவிட உரிமை' என்ற தொடரே துல்லியமானது என்பதால் இக்கட்டுரையும் அதையே கையாள்கிறது. பேச்சில் இரு தரப்பினரும் 'பி.ஆர்.' என்றும், அட்டையைப் 'பி.ஆர். கார்டு' என்றும் சொல்வதால் நடைமுறையில் குழப்பம் நேர்வதில்லை. குழப்பம் வருவது, அந்த உரிமையும் அந்த அட்டையும் ஒன்றே என்று கருதும்போதுதான்.

சட்டத்தின்படி அவை இரண்டும் வேறு. அட்டை பொதுவாக ஐந்தாண்டுகளுக்கும், சில சூழல்களில் ஓராண்டுக்கும் செல்லும். வதிவிட உரிமைக்கோ முடிவு நாள் என்று ஒன்று கிடையாது. ஒருவர் குடிமகனாகும்போதும், தாமாக விரும்பி உரிமையைத் துறக்கும்போதும், குறிப்பிட்ட நாள்கள் கனடாவில் இருந்தாக வேண்டும் என்னும் வதிவுக் கடமையை நிறைவேற்றவில்லை என்று இறுதியாகத் தீர்மானிக்கப்படும்போதும், வெளியேற்ற ஆணை நடைமுறைக்கு வரும்போதும், அகதித் தகுதி குறிப்பிட்ட காரணங்களால் நீக்கப்படும்போதும் மட்டுமே அவ்வுரிமை இழக்கப்படும் என்று சட்டத்தின் 46ஆம் பிரிவு கூறுகிறது. அட்டை காலாவதியாவது அந்தப் பட்டியலில் இல்லை. நாட்டுக்குள் நுழையவும் தங்கவும் உள்ள உரிமையை 27ஆம் பிரிவு வழங்குகிறது. வந்து நிற்பவர் நிரந்தர வதிவாளர்தான் என்று எல்லை அலுவலருக்கு உறுதிப்பட்டால் அவரை உள்ளே விட்டாக வேண்டும் என்று 19ஆம் பிரிவு அந்த அலுவலருக்கே கட்டளையிடுகிறது. கனடாவுக்குள் இருக்கும் வரை அட்டை வைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. ஆகவே காலாவதியான அட்டையுடன் டொராண்டோவில் வாழும் ஒருவர் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. அவருடைய வேலையும் வீடும் அதனால் பறிபோவதும் இல்லை.

ஆனால் அதே சட்டத்தின் 31ஆம் பிரிவில் ஒரு சிறு உட்பிரிவு இருக்கிறது. கனடாவுக்கு வெளியே இருக்கும் ஒருவர் தம் வதிவிடத் தகுதியைக் காட்டும் ஆவணத்தை முன்வைக்காவிட்டால், அலுவலர் ஒருவர் வேறுவிதமாகத் தீர்மானிக்கும் வரை, அவருக்கு அத்தகுதி இல்லை என்றே ஊகிக்கப்படும் என்பது அதன் பொருள். சட்ட மொழியில் ஊகம் என்பது, மறுக்கும் சான்று வரும் வரை உண்மையாகக் கொள்ளப்படும் ஒரு நிலைப்பாடு. அதை மறுக்கும் பொறுப்பு எதிர்த்தரப்பின் மேல் விழும். நாட்டுக்குள் உரிமையின் நிழலாக இருக்கும் அட்டை, எல்லையைத் தாண்டியதும் இந்த உட்பிரிவால் உரிமையின் இடத்தையே பிடித்துக்கொள்கிறது. புதுப்பிக்கப்பட்ட அட்டை ஆறு மாதமோ அதற்கு மேலோ தாமதமாகும்போது உண்மையில் என்ன நிகழ்கிறது என்பதை இந்த ஒரு வரியிலிருந்துதான் விளங்கிக்கொள்ள முடியும்: அரசின் அலுவலகத்தில் ஏற்பட்ட தாமதத்தின் சுமை, மெய்ப்பிக்கும் பொறுப்பாக உருமாறி, பயணியின் தோளில் ஏறுகிறது.

தாமதம் ஏன் ஏற்படுகிறது என்ற கேள்விக்கு ஆள் பற்றாக்குறை என்று விடை சொல்லிக் கடந்துவிடுவது எளிது. அதனினும் அடிப்படையான காரணம், புதுப்பிப்பு என்பது அச்சடிக்கும் வேலை மட்டும் அன்று என்பதே. ஒவ்வொரு விண்ணப்பமும் அந்த நபர் தம் வதிவுக் கடமையை நிறைவேற்றியிருக்கிறாரா என்ற தணிக்கையாகவும் அமைகிறது. வதிவுக் கடமை என்பது, ஒவ்வோர் ஐந்தாண்டு காலத்திலும் குறைந்தது 730 நாள்கள் கனடாவில் இருந்திருக்க வேண்டும் என்னும் 28ஆம் பிரிவின் நிபந்தனையாகும். கனடியக் குடிமகனான கணவன் அல்லது மனைவியுடன் வெளிநாட்டில் வாழ்ந்த நாள்களும், கனடிய நிறுவனம் ஒன்றோ அரசோ முழுநேரப் பணிக்காக வெளிநாட்டுக்கு அனுப்பிய நாள்களும் இக்கணக்கில் சேரும். குறிப்பிட்ட ஆண்டில் தொடங்கி முடியும் ஐந்தாண்டாக இல்லாமல், பரிசீலிக்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணப்படும் நகரும் ஐந்தாண்டாக இது இருப்பதால், நேற்றுவரை போதாதிருந்த கணக்கு இன்று சரியாகிவிடக்கூடும். நாள் குறைந்தவர்கள் காலாவதியான அட்டையோடு கனடாவிலேயே காத்திருந்து, 730 நிறைந்த பிறகு விண்ணப்பிப்பது இதனால்தான். கடமை நிறைவேறவில்லை என்று தீர்மானிக்கப்பட்டாலும், மனிதாபிமானக் காரணங்களைக் கருதி உரிமையைத் தக்கவைக்க அலுவலருக்கு அதிகாரம் உண்டு. குடிவரவு மேல்முறையீட்டுப் பிரிவிடம் முறையிடவும் வழி உண்டு.

இந்தத் தணிக்கை விண்ணப்பதாரரிடம் எதைக் கேட்கிறது என்பதை அருகிலிருந்து பார்ப்பது பயனுள்ளது. ஐ.எம்.எம். 5444 என்னும் படிவத்தில், கடந்த ஐந்தாண்டுகளில் குடியிருந்த முகவரிகள், பார்த்த வேலைகள், கனடாவை விட்டு வெளியே சென்ற ஒவ்வொரு பயணம் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பட்டியல்கள் உள்ளன. புறப்பட்ட நாள், திரும்பிய நாள், சென்ற இடம், காரணம், மொத்த நாள்கள் என்று கட்டங்கள் ஓடும். மங்கிய முத்திரைகளுள்ள பழைய கடவுச்சீட்டையும், மின்னஞ்சலில் தேடியெடுத்த பயணச்சீட்டுகளையும், குடும்பத்தில் எவருக்கேனும் நினைவிருக்கும் கல்யாணத் தேதியையும் துணைக்கொண்டுதான் பெரும்பாலோர் அக்கட்டங்களை நிரப்புகின்றனர். வெளியே இருந்த நாள்களின் கூட்டுத்தொகை 1,095ஐ எட்டிவிட்டால் கூடுதல் சான்றுகள் இணைக்க வேண்டும். புகைப்படம் 50 மில்லிமீட்டர் அகலமும் 70 மில்லிமீட்டர் உயரமும் கொண்டிருக்க வேண்டும்; தாள் வழி விண்ணப்பமானால் பின்புறம் ஸ்டுடியோவின் பெயரும் முகவரியும் எடுத்த தேதியும் இருக்க வேண்டும். 50 டாலர் கட்டணம் செலுத்த வேண்டும். இவற்றுள் ஒன்று பிசகினாலும் விண்ணப்பம் வரிசையில் சேராமலே திரும்பி வந்துவிடும். காத்திருப்பு மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்கும்.

இவ்விண்ணப்பங்கள் நோவா ஸ்கோஷியா மாகாணத்தின் கேப் பிரெட்டன் தீவிலுள்ள சிட்னி நகரத்து மையத்துக்கே காலங்காலமாகச் சென்றுவந்துள்ளன. நிலக்கரிச் சுரங்கமும் எஃகு ஆலையும் வாழவைத்த அந்த ஊரில், அவை மூடப்பட்ட பிறகு மிஞ்சிய முக்கிய வேலையிடங்களுள் இந்த மையமும் ஒன்று. நாடு முழுவதற்கும் உரிய கோப்புகள் ஓரிடத்தில் குவிவதால் அங்கு நேரும் எந்தத் தடங்கலும் எல்லோரையும் பாதிக்கிறது. 2020 மார்ச்சில் பெருந்தொற்று அலுவலகங்களை மூடியபோது, தாளாக அஞ்சலில் வந்த விண்ணப்பங்களைத் திறக்கவே ஆளில்லாமல் போயிற்று. இணையவழி விண்ணப்பம் பரவலானது அதற்குப் பிறகுதான். ஐந்தாண்டுச் சுழற்சியும் தன் பங்குக்கு நெருக்கடியைக் கூட்டுகிறது: ஒரே காலத்தில் பெருந்தொகையாக வந்து குடியேறியவர்களின் அட்டைகள் ஒரே காலத்தில் காலாவதியாவதால், குடியேற்றத்தில் எழும் ஒவ்வோர் அலையும் ஐந்தாண்டு கழித்துப் புதுப்பிப்பு மேசையில் இன்னோர் அலையாக வந்து மோதும். இது முன்கூட்டியே கணக்கிடக்கூடிய ஒன்று என்பதால், எதிர்பாராத நெரிசல் என்று இதைச் சொல்வது பொருந்தாது.

வதிவு நாள்கள் குறித்து ஐயம் எழும் கோப்புகள் வழக்கமான வரிசையிலிருந்து எடுக்கப்பட்டு, விண்ணப்பதாரர்கள் 'இரண்டாம் கட்டப் பரிசீலனை' என்று அஞ்சிப் பேசும் தனி வரிசைக்குச் செல்கின்றன. அங்குச் சென்ற கோப்பு எப்போது வெளிவரும் என்பதற்கு அறிவிக்கப்பட்ட சராசரிக் காலம் உதவாது. அட்டை வராத ஒருவரின் முதல் தவிப்பு, தம் கோப்பு எந்த வரிசையில் இருக்கிறது என்று தெரியாமையே. தகவல் அணுகல் சட்டத்தின் கீழ் 5 டாலர் கட்டி அரசின் கணினிக் குறிப்புகளைக் கேட்டுப் பெறுவதும், தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்தை நாடி விசாரிக்கச் சொல்வதும் இத்தெரியாமையைப் போக்குவதற்காகவே. கடுமையான நோய், குடும்பத்தில் சாவு, வேலை ஆகிய காரணங்களால் உடனே பயணம் செய்ய வேண்டியவர்கள் பயணச்சீட்டையும் விளக்கக் கடிதத்தையும் இணைத்து அவசரப் பரிசீலனை கோரலாம். ஆனால் கோரிக்கை ஏற்கப்படும் என்பதற்கு உறுதி இல்லை. அட்டை காலாவதியாக ஒன்பது மாதம் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம் என்ற ஏற்பாடு ஓரளவு ஆறுதல் தந்தாலும், அதை அறிந்து பயன்படுத்துவோர் பெரும்பாலும் ஏற்கெனவே ஒருமுறை சிக்கிப் பட்டறிந்தவர்களே.

காத்திருப்பின் நடுவே வெளிநாட்டில் மாட்டிக்கொண்டவருக்குச் சட்டம் இரண்டு வாசல்களைத் திறந்து வைத்திருக்கிறது. ஒன்று, வெளிநாட்டிலுள்ள கனடிய விசா அலுவலகம் வழங்கும் நிரந்தர வதிவாளர் பயண ஆவணம்; பெரும்பாலும் ஒருமுறை திரும்பிவர மட்டுமே உதவும் இதற்கும் 50 டாலர் கட்டணமும் அதே 730 நாள் தணிக்கையும் உண்டு. தாயின் இறுதிச் சடங்குக்காகச் சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ பத்து நாள் விடுப்பில் வந்தவர், ஒரே கேள்விக்குரிய விடையைச் சிட்னியில் ஒருமுறையும் ஆசியாவில் ஒருமுறையும் மெய்ப்பிக்க நேர்வது இப்படித்தான். மற்றது தரைவழி. தனியார் வாகனத்தில் எல்லைக்கு வருபவரைத் தடுக்க விமான நிறுவனம் எதுவும் நடுவில் இல்லாததால், அமெரிக்காவின் பஃபலோ வரை பறந்து, அங்கிருந்து உறவினர் ஓட்டும் காரில் பீஸ் பிரிட்ஜ் பாலத்தைக் கடந்து, வந்திறங்கிய நாளில் பெற்ற பழைய தாளையும் காலாவதியான அட்டையையும் காட்டி 19ஆம் பிரிவின் உரிமையைக் கோருவது நன்கு அறியப்பட்ட வழி. ஆனால் இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு அமெரிக்க விசா இருந்தால்தான் அந்தப் பாலம் கண்ணில் படும். ஒரே உரிமை, எந்த நாட்டுக் கடவுச்சீட்டு என்பதைப் பொறுத்து எளிதாகவோ எட்டாததாகவோ ஆகிவிடுகிறது.

விமான நிறுவனத்தின் மேசையில் இருப்பவரைக் குறை சொல்வதற்கில்லை. தகுந்த ஆவணம் இல்லாதவரைக் கனடாவுக்கு ஏற்றிவரக் கூடாது என்று சட்டம் நிறுவனங்களைக் கட்டுப்படுத்துகிறது. மீறினால் பயணி ஒருவருக்கு 3,200 டாலர் வரை அவை செலுத்த நேரும். நாட்டின் எல்லை இவ்வாறு கட்டுநாயக்காவிலும் மீனம்பாக்கத்திலும் உள்ள சோதனை மேசைகளுக்கு நகர்ந்துவிட்டது. சட்டம் படித்த அலுவலர் ஒருவர் நின்று, விளக்கம் கேட்டு, வேறுவிதமாகத் தீர்மானிக்கக்கூடிய இடம் கனடிய மண்ணில் இருக்கிறது. அந்த இடத்தை அடைவதற்கு முன்பே, அத்தகைய அதிகாரம் எதுவும் இல்லாத ஓர் ஊழியரிடம் விஷயம் முடிந்துவிடுகிறது.

இத்தாமதத்தால் எல்லோரும் ஒரே அளவில் பாதிக்கப்படுவதில்லை. கனடியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க, ஐந்தாண்டில் 1,095 நாள்கள் கனடாவில் இருந்திருக்க வேண்டும்; செல்லுபடியாகும் அட்டை கையில் இருக்க வேண்டும் என்பதில்லை. எனவே தொடர்ந்து அங்கேயே வாழும் இளையவர்கள் பலர் அட்டையைப் புதுப்பிக்காமலே குடிமக்களாகி இச்சுழலிலிருந்து வெளியேறிவிடுகின்றனர். வெளியேற முடியாதவர்களுள் முதலில் நிற்போர், பிள்ளைகளோடு சேர்ந்து வாழ அழைக்கப்பட்ட பெற்றோர். குளிர்காலத்தை ஊரிலும் கோடையை டொராண்டோவிலுமாகக் கழிக்கும் ஒருவர் ஆண்டுக்கு 182 நாள் கனடாவில் இருந்தால் ஐந்தாண்டில் 910 நாள் சேரும். அது 730க்கு மேல், 1,095க்குக் கீழ். உரிமையைத் தக்கவைக்கப் போதுமான, குடியுரிமைக்குப் போதாத அந்த இடைவெளியில் வாழும் முதியோர் தம் எஞ்சிய வாழ்நாள் முழுவதும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை இந்தப் பட்டியலை நிரப்பிக்கொண்டிருப்பார்கள். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்காததால், ஊரில் நிலமும் உறவும் உள்ளவர்கள் கணக்கு நிறைந்த பின்னும் இந்தியக் கடவுச்சீட்டைக் கைவிடத் தயங்குவது உண்டு.

இரண்டாவது வகையினரின் நிலை இன்னும் கவலைக்குரியது. அகதிகளாக வந்து வதிவிட உரிமை பெற்றவர்கள், தாம் தப்பி வந்த நாட்டின் பாதுகாப்பை மீண்டும் தாமாக நாடினால் அவர்களின் அகதித் தகுதி முடிவுறலாம் என்பது பழைய கோட்பாடு. 2012 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தம், அதனோடு வதிவிட உரிமையும் சேர்ந்து பறிபோகும் என்று ஆக்கியது. பிறந்த நாட்டின் கடவுச்சீட்டைப் புதுப்பிப்பதும் அதைக் கொண்டு அங்கே பயணம் செய்வதும் அத்தகைய நாடலுக்குச் சான்றாகக் கொள்ளப்படுகின்றன. நாட்டின் சூழல் மாறிவிட்டது என்ற காரணம் மட்டும் வதிவிட உரிமையைப் பறிக்காது என்பதால், 2009இல் போர் முடிந்தது இலங்கைத் தமிழ் அகதி எவருடைய உரிமையையும் தானாகக் குலைத்துவிடவில்லை. ஆனால் போர் முடிந்த பின் இலங்கைக் கடவுச்சீட்டெடுத்து நோயுற்ற தந்தையைப் பார்க்க யாழ்ப்பாணம் போய்வந்தவர், புதுப்பிப்புப் படிவத்தின் பயணப் பட்டியலில் அதை உண்மையாக எழுதும்போது, தம் கோப்பை வேறொரு விசாரணைக்குத் தாமே திறந்துவிடக்கூடும். 2022இல் கலிந்தோ காமாயோ வழக்கில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம், பயணத்தின் விளைவை அந்த நபர் அறிந்திருந்தாரா, பயணத்தின் நோக்கம் என்ன, அங்கு அவர் தம்மைக் காத்துக்கொள்ள முன்னெச்சரிக்கை எடுத்தாரா என்பன போன்றவற்றையும் எடைபோட வேண்டும் என்று கூறியது இவ்வகையில் முக்கியமானது. அட்டை தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் இவர்களுக்கு அச்சத்தில் கழியும் மாதம். எதற்காகக் காத்திருக்கிறோம் என்றுகூட அவர்களால் வாய்விட்டுக் கேட்க முடிவதில்லை.

தாமதம் எல்லை மீறும்போது நீதிமன்றத்தை நாடலாம். அரசு அலுவலர் செய்தே ஆக வேண்டிய கடமையைச் செய்யுமாறு பணிக்கும் ஆணைக்குச் செயலுறுத்தும் நீதிப்பேராணை என்று பெயர். கொனில் வழக்கில் கூட்டாட்சி நீதிமன்றம் வகுத்த அளவுகோல் இன்றும் எடுத்தாளப்படுகிறது: தாமதம் அப்பணியின் தன்மைக்குத் தேவையானதைவிட நீண்டதாக இருக்க வேண்டும், அதற்கு விண்ணப்பதாரர் காரணமாக இருக்கக் கூடாது, அதிகாரியிடம் ஏற்கத்தக்க விளக்கம் இருக்கக் கூடாது. கேட்க நியாயமான அளவுகோல்தான். ஆனால் 50 டாலர் அட்டைக்காக, முதலில் வழக்காட அனுமதி கோரி, பிறகு வழக்கறிஞருக்கு ஆயிரக்கணக்கில் கட்டணம் கொடுத்து இதை நிறுவக்கூடியவர்கள் எத்தனை பேர் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இதே சிக்கலை அண்டை நாடு கையாண்ட விதம் ஒப்பிடத்தக்கது. அமெரிக்காவின் பச்சை அட்டை பொதுவாகப் பத்தாண்டு செல்லும். புதுப்பிப்பு அங்கும் நெடுங்காலம் இழுக்கிறது. ஆனால் ஐ-90 என்னும் புதுப்பிப்பு விண்ணப்பத்தைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டே, காலாவதியான அட்டையோடு சேர்த்துக் காட்டப்படும்போது அட்டையின் ஆயுளை நீட்டிக்கிறது. 2021இல் 12 மாதமாக இருந்த அந்த நீட்டிப்பு 2022 செப்டம்பரில் 24 மாதமாகவும் 2024 செப்டம்பரில் 36 மாதமாகவும் உயர்த்தப்பட்டது. பத்தாண்டு அட்டை காலாவதியாகிவிட்ட வதிவாளரையும் தனிப் பயண ஆவணம் கேட்காமல் விமான நிறுவனங்கள் ஏற்றிவரலாம் என்ற ஏற்பாடும் அங்கே பொதுவாக உண்டு. அமெரிக்கச் சட்டம் 18 வயது நிரம்பிய வதிவாளர் எந்நேரமும் அட்டையை உடன் வைத்திருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதால், தன்னால் தாமதமாகும் அட்டைக்கு ஈடாக ஏதேனும் ஒன்றைத் தந்தாக வேண்டிய நிலைக்கு அந்த அரசு தள்ளப்பட்டது என்று கருத இடமுண்டு. நீட்டிப்புக் காலம் வளர்ந்துகொண்டே போவது தாமதம் குறையவில்லை என்பதற்கான ஒப்புதல்தான். ஆயினும் அந்தத் தாமதத்தின் விலையைப் பயணியிடமிருந்து வசூலிப்பதை அது பெருமளவு நிறுத்தியிருக்கிறது. கனடாவில் அத்தகைய தானியங்கி நீட்டிப்பு கிடையாது. அட்டையை வைத்திருக்கக் கட்டாயமில்லை என்ற கனடியச் சட்டத்தின் தாராளமே, அட்டை இல்லாதவரைப் பற்றி அரசு கவலைப்படாமல் இருக்கவும் வழிசெய்துவிட்டதோ என்று எண்ணத் தோன்றுகிறது.

தணிக்கையே வேண்டாம் என்பது இங்கு வாதம் அன்று. 730 நாள் என்ற நிபந்தனை, உண்மையில் வாழாதவர்கள் பெயரளவில் உரிமையை வைத்திருப்பதைத் தடுக்கிறது, அதைச் சரிபார்க்கும் கடமையும் அரசுக்கு உண்டு. ஆனால் சரிபார்க்கும் வழி மாறியிருக்கிறது. 2020 முதல் விமானம் வழியாக வெளியேறுவோரின் விவரங்களையும் கனடிய எல்லைச் சேவை முகமை திரட்டி வருகிறது. நுழைந்த நாள்களின் பதிவு அதற்கு முன்பே இருந்தது. விண்ணப்பதாரர் பழைய கடவுச்சீட்டைப் புரட்டி நிரப்பும் பட்டியலின் பெரும்பகுதி அரசின் கணினியில் ஏற்கெனவே இருக்கும்போது, ஐயத்துக்கு இடமில்லாத கோப்புகளை விரைவில் பிரித்தனுப்புவதும், எஞ்சியவற்றை ஆராய்ந்து முடிக்கும் வரை பெறுகைக் கடிதத்தையே நீட்டிப்பு ஆவணமாக ஆக்குவதும் இயலாத செயல்கள் அல்ல. அக்கடிதம் இன்றும் ஒவ்வொரு விண்ணப்பதாரருக்கும் அனுப்பப்படுகிறது. கோப்பு எண்ணும் தேதியும் அதில் உள்ளன. சோதனை மேசையில் இருக்கும் விமான ஊழியர் பயணியின் விவரங்களைத் தட்டியதும், ஏற்றலாம் அல்லது ஏற்றக் கூடாது என்ற விடை ஒட்டாவாவின் கணினியிலிருந்தே சில நொடிகளில் வந்து சேர்கிறது. அந்த விடையைச் சொல்லும் அரசுக்கு, எதிரே நிற்பவரின் புதுப்பிப்பு விண்ணப்பம் தன்னிடமே எத்தனை மாதமாகக் கிடக்கிறது என்பதும் தெரியும்.